காலையில் மாத்திரை, மாலையில் மது



மருந்துக் கடையில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார். "இந்த மாத்திரை சாப்பிடும்போது குடிக்கலாமா?" கடைக்காரர் சிரிப்பார். "குடிக்காதீங்க" என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். பின்னால் கூட்டம் நிற்கும். கேட்டவரும் போய்விடுவார்.

முதல் நாள் அவர் சொன்னதைக் கேட்பார். இரண்டாம் நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். மூன்றாம் நாள் மாலையில் தானே ஒரு முடிவுக்கு வருவார். "இன்றைக்குக் குடிக்கப் போகிறோம். ஆகவே இன்றைக்கு மாத்திரை வேண்டாம்." இந்த முடிவுதான் மிகப் பெரிய கெடுதல். ஏன் என்று பார்ப்போம்.

இது மதுக்கடையை மூடச் சொல்லும் பேச்சு அல்ல. அந்த வேலையை நம் நாட்டில் எழுத்தறிவு வகுப்புகளே செய்து காட்டியிருக்கின்றன. ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஓர் ஊர். அங்கே வகுப்பில் எழுத்துப் படித்த பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து நின்றார்கள். 1992ஆம் ஆண்டில் அந்தப் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபரில் அந்த மாநிலத்தில் சாராய விற்பனைக்குத் தடை வந்தது. அது பெரிய கதை. தனியாகச் சொல்ல வேண்டிய கதை. இன்றைக்கு நம் முன்னால் இருப்பது ஒரு மாத்திரை அட்டை, ஒரு மதுப்புட்டி, இரண்டையும் ஒரே நாளில் வாங்கிக்கொள்ளும் உடம்பு.

முதலில் மாத்திரை. ஆன்டிபயாட்டிக் என்பது கிருமியைக் கொல்லும் மருந்து. சில வகை, கிருமி பெருகாமல் தடுக்கும். 1928ஆம் ஆண்டு லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற விஞ்ஞானி ஒரு பூஞ்சையில் இருந்து வரும் சத்து கிருமியைக் கொல்வதைக் கண்டார். அதுவே பெனிசிலின். நம் நாட்டில் 1954ஆம் ஆண்டு புனே நகருக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் இதற்காக அரசே ஒரு தொழிற்சாலையை நிறுவியது. அதற்கு முந்திய காலத்தில் காலில் குத்திய முள் சீழ் வைத்து ஆளையே கொண்டுபோனது உண்டு. இப்போது அந்தப் பயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மருந்தின் அருமை மறந்து போனதும் அதனால்தான்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் அதை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. இந்தக் கோட்டைப் பற்றி மத்திய அரசு 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் பிரசாரம் செய்தது. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளில் இந்தக் கோடு இருக்கும்.

இனி மது. கள், சாராயம், பிராந்தி, விஸ்கி, பீர் என்று பெயர் பல. போதை தருவது ஒன்றுதான். அதன் பெயர் ஆல்கஹால். "பீர் என்ன, வெறும் பார்லித் தண்ணீர்தானே" என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் விற்கும் பிராந்தியில் 100 பங்கில் ஏறத்தாழ 43 பங்கு ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஏறத்தாழ 77 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. ஒரு பெரிய பீர்ப்புட்டி 650 மில்லி. 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பீரில் 100க்கு 8 பங்கு வரை ஆல்கஹால் இருக்கும். அப்படியானால் ஒரு புட்டியில் 52 மில்லி. குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு! பார்லித் தண்ணீர் என்று சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொரு பேச்சும் உண்டு. "சாராயம் கிருமியைக் கொல்லும். ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவுகிறார்களே. ஆகவே காய்ச்சலுக்கு ஒரு கிளாஸ் நல்லது." தோலின் மேல் தடவுவது வேறு, குடிப்பது வேறு. தோலில் தடவும் ஸ்பிரிட்டில் 100க்கு 70 பங்கு ஆல்கஹால் இருக்கிறது. குடித்த மது வயிற்றில் நீர்த்துப் போய் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் உள்ள கிருமி சாகும் அளவுக்குக் குடித்தால் கிருமிக்கு முன்னால் மனிதர் செத்துப் போவார்.

குடித்த மது எங்கே போகிறது? வயிற்றில் இருந்து ரத்தத்துக்கு. ரத்தத்தில் இருந்து கல்லீரலுக்கு. கல்லீரல் வலது விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. ஆல்கஹாலை உடைத்து வெளியேற்றும் வேலை பெரும்பாலும் அதனுடையது. வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் ஆல்கஹால் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறும். இது நஞ்சு. இரண்டாம் கட்டத்தில் அந்த நஞ்சு தீங்கில்லாத பொருளாக மாறும். இரண்டாம் கட்டம் வேகமாக நடந்தால் நஞ்சு தேங்காது.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் உடைக்கக்கூடியது ஏறத்தாழ 10 மில்லி ஆல்கஹால். ஒரு குவார்ட்டரை உடைத்து முடிக்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்து முடித்தவரின் உடம்பில் விடியற்காலை வரை மது இருக்கும். மாத்திரையும் அப்படித்தான். விழுங்கியவுடன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடாது. பல மாத்திரைகள் ஒரு நாள், சில மாத்திரைகள் இரண்டு மூன்று நாள்கூட உடம்பில் தங்கும். ஆகவே "காலையில் மாத்திரை, மாலையில் மது, நடுவில் பத்து மணி நேரம் இடைவெளி விட்டாயிற்று" என்ற கணக்கு உதவாது. கடிகாரத்தில் இடைவெளி இருக்கும். ரத்தத்தில் இருக்காது.

டென்மார்க் நாட்டுத் தலைநகரான கோபன்ஹேகனில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். 1940களில் ஹால்ட், ஜேக்கப்சன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். டைசல்பிராம் என்ற பொருள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகுமா என்று ஆராய்ந்தார்கள். தாங்களே அதை விழுங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்தது. நெஞ்சு படபடத்தது. குமட்டல் வந்தது. காரணம் பிறகு தெரிந்தது. அந்தப் பொருள் கல்லீரலில் இரண்டாம் கட்ட வேலையை நிறுத்திவிட்டது. நஞ்சு தேங்கிவிட்டது. 1948ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். குடியை விட விரும்புகிறவர்களுக்கு டாக்டர்கள் இன்றும் அந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாத்திரையைப் பொடி செய்து, கணவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. "குடியை மறக்கடிக்கும் பொடி" என்று விளம்பரம் செய்து பெயர் தெரியாத பொடியை விற்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள். அவர் தெரியாமல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். குடிப்பவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மாத்திரை அது.

டைசல்பிராமுக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் என்ன சம்பந்தம்? சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் மதுவோடு சேர்ந்தால் இதே போன்ற தொல்லை வரக்கூடும். முக்கியமான பெயர் மெட்ரோனிடசோல். அதன் உறவுக்காரர் டினிடசோல். சீதபேதிக்கும், பல் ஈறில் சீழ் பிடித்தாலும், பெண்களுக்கு வரும் சில வகை வெள்ளைப்படுதலுக்கும் இவற்றைக் கொடுப்பார்கள். நம் ஊர்களில் மிகச் சாதாரணமான மாத்திரைகள். வயிற்றுப்போக்குக்கு இரண்டு மருந்தைச் சேர்த்துச் செய்த மாத்திரையும் உண்டு. அதில் இரண்டாவது பெயராக இது ஒளிந்திருக்கலாம்.

ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சீதபேதி. டாக்டர் ஏழு நாளுக்கு மெட்ரோனிடசோல் எழுதுகிறார். மூன்றாம் நாளே வயிறு சரியாகிவிடுகிறது. சனிக்கிழமை கூலி வாங்குகிறார். கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது கிளாஸ் முடிவதற்குள் முகம் நெருப்பாய்ச் சுடுகிறது. தலை இடிக்கிறது. வாந்தி. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "சரக்கு சரியில்லை" என்கிறார் ஒருவர். "மோர் கொடு" என்கிறார் இன்னொருவர். மாத்திரையைப் பற்றி யாருக்கும் நினைவு வருவதில்லை. அவருக்கே வருவதில்லை. செய்ய வேண்டியது, அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன மாத்திரை சாப்பிட்டார், எவ்வளவு குடித்தார் என்று இரண்டையும் மறைக்காமல் சொல்வது. இதய நோய் உள்ளவராக இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

"நானும் அந்த மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் எழுந்து சொல்லலாம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. பின்லாந்து நாட்டில் 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், நல்ல உடல்நலம் உள்ள சில ஆண்களுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். தொல்லை வரவில்லை. ஆனால் வேறு சிலருக்குக் கடுமையாக வந்ததை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆகவே மருந்து முடியும் வரை மது கூடாது. கடைசி மாத்திரைக்குப் பிறகும் மூன்று நாள் கூடாது.

குடிப்பழக்கம் இல்லாதவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரிஷ்டம், ஆசவம் போன்றவை புளிக்க வைத்துச் செய்பவை. அவற்றில் தானாகவே ஆல்கஹால் உண்டாகியிருக்கும். சில இருமல் டானிக்கிலும் ஆல்கஹால் உண்டு. பிரசவித்த பெண்ணுக்கு ஒரு பக்கம் அரிஷ்டம், இன்னொரு பக்கம் மெட்ரோனிடசோல் என்று கொடுப்பது வீடுகளில் நடக்கிறது. டாக்டரிடம் அரிஷ்டத்தையும் சொல்ல வேண்டும். டைசல்பிராம் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அதுவும் மெட்ரோனிடசோலும் சேர்ந்தால் புத்தி தடுமாற்றம் வரலாம்.

எல்லா ஆன்டிபயாட்டிக்கும் இப்படி மதுவோடு சண்டை போடுமா? போடாது. அமாக்ஸிசிலின் என்ற மாத்திரை அடிக்கடி கொடுக்கப்படுவது. அதற்கும் மதுவுக்கும் நேரடிச் சண்டை இல்லை. டாக்ஸிசைக்ளின் என்று ஒன்று. நாள்தோறும் அதிகம் குடிப்பவர் உடம்பில் அது சீக்கிரமாகக் கரைந்துபோகும். மருந்து வேண்டிய அளவு தங்காது. நேரடிச் சண்டை இல்லாத மாத்திரைக்கும் குடி நல்லதல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. காய்ச்சலில் உடம்பு நீர் இழந்து கிடக்கிறது. மது இன்னும் நீரை இழுக்கும். தூக்கம் கெடும். மாத்திரையால் வரும் குமட்டலும் தலைச்சுற்றலும் கூடும்.

இனிக் காசநோய். இந்தப் பேச்சில் மிக முக்கியமான இடம் இதுதான். உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். அதிகம் குடிப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். மற்ற ஆன்டிபயாட்டிக்கை ஐந்து நாள், பத்து நாள் சாப்பிடுவோம். காசநோய்க்கு, சாதாரண வகையானாலும் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். நாள் தவறாமல் சாப்பிட வேண்டும்.

ஒரு காலத்தில் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். 1956ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் நோய் அதே அளவு குணமாகும் என்று அங்கே நிரூபித்தார்கள். ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் சானடோரியத்தில் மதுக்கடை கிடையாது. வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது.

காசநோய் மருந்துகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் சிலருக்குக் கல்லீரலைப் புண்ணாக்கக் கூடியவை. மதுவும் கல்லீரலைத்தான் தாக்குகிறது. இரண்டும் ஆறு மாதம் சேர்ந்து தாக்கினால் மஞ்சள் காமாலை வரும் ஆபத்து கூடுகிறது. அடையாளங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பசி அறவே போகும். குமட்டல் இருக்கும். வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். இவற்றைக் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம். பயப்பட வேண்டாம். அதைக் கண்டு பயந்து மாத்திரையை விட்டவர்கள் உண்டு. கண்ணைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கண் வெள்ளையாக இருந்து, பசியும் இருந்தால், அது மருந்தின் நிறம்தான்.

முதலில் சொன்ன முடிவு நினைவிருக்கிறதா? "இன்றைக்குக் குடிப்பதால் மாத்திரை வேண்டாம்." காசநோயில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மாத்திரை சாப்பிடச் சாப்பிட நோஞ்சான் கிருமிகள் முதலில் சாகும். இருமல் குறையும். உடம்பு தேறும். வலுவான கிருமிகள் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அவற்றைக் கொல்லத்தான் மீதி மாதங்கள். சனி, ஞாயிறு குடி, திங்கள் தலைவலி என்று வாரத்தில் மூன்று நாள் மாத்திரை நின்றால் அந்தக் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். பழைய மருந்துக்கு அசையாத கிருமிகளாகப் பெருகும். பிறகு இருமும்போது வீட்டில் உள்ள குழந்தைக்குப் போவதும் அந்தக் கிருமிதான். அதற்கு வேறு மருந்து வேண்டும். அது இன்னும் கடினமான சிகிச்சை.

ஆகவே காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் ஒரு நாள் குடித்துவிட்டார் என்றால், அதற்காக மாத்திரையை விடக்கூடாது. வழக்கம்போல் சாப்பிட வேண்டும். குடித்ததை மருந்து கொடுக்கும் பணியாளரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள்.

காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2018ஆம் ஆண்டு தொடங்கியபோது 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பரில் இருந்து 1000. முட்டைக்கும் பருப்புக்கும் கடலைக்கும் வருகிற பணம் அது. வேறு எங்கே போகிறது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

"சரி, இன்று முதல் ஒரு சொட்டுக்கூடத் தொட மாட்டேன்" என்று சிலர் உறுதி எடுப்பார்கள். நல்ல உறுதி. ஆனால் பல ஆண்டுகளாக நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுங்கும். வியர்க்கும். தூக்கம் வராது. இரண்டு மூன்று நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இது உயிருக்கு ஆபத்தானது. பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. அங்கே இதற்கு மருந்து உண்டு. இப்படிப்பட்டவர் குடியை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "எப்போதாவது கொஞ்சம்" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. "தினமும் ஒரு குவார்ட்டர், நேற்று இரவும் குடித்தேன்" என்று அளவைச் சொல்ல வேண்டும். அளவு தெரிந்தால் வேறு மாத்திரை எழுதலாமா, கல்லீரலைச் சோதிக்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். அவர் திட்டினால் திட்டட்டும். உண்மை தெரியாமல் எழுதிய சீட்டைவிடத் திட்டோடு எழுதிய சீட்டு நல்லது. அவரால் சொல்ல முடியவில்லை என்றால் கூடப் போகிற மனைவி சொல்லலாம், மகன் சொல்லலாம்.

காசநோய் பற்றிக் கேட்க 1800-11-6666 என்ற எண்ணுக்கும், குடியை விடுவது பற்றிக் கேட்க 14446 என்ற எண்ணுக்கும் காசில்லாமல் போன் செய்யலாம்.

கையெழுத்துப் போடக் கற்றவர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. மாத்திரை அட்டையில் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டு ஒரு காகிதத்தில் தமிழில் எழுதுங்கள். எத்தனை நாள் மாத்திரை என்று எழுதுங்கள். கடைசி மாத்திரை எந்தத் தேதி என்று எழுதுங்கள். மெட்ரோனிடசோல், டினிடசோல் என்றால் அதற்குக் கீழே மூன்று நாள் கூட்டி இன்னொரு தேதி எழுதுங்கள். அந்தக் காகிதத்தைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சனிக்கிழமை கூட்டாளிகள் வாசலில் வந்து கூப்பிடும்போது, வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தேதியைச் சத்தமாகப் படித்துக் காட்டலாம்.